பதினாலாம் பலகை

மார்ச் 3, செவ்வாய்

பெரிய தம்பி கடைப் பலகைகளைக் கழற்றும் சத்தத்தில்தான் எனக்கு விடியும். பதினாலு பலகை, ஒவ்வொன்றிலும் எண் செதுக்கியிருக்கும். பதினாலை எடுத்தால்தான் பதிமூன்று நகரும், ஒன்று கடைசியில்தான் வரும். தாத்தா காலத்தில் தானிய மண்டி. அப்பா ஜவுளி வைத்தார். நடுவில் தபாலாபீஸ். இப்போது பாதி பெரியவனின் இரும்புக்கடை, பாதி சின்னத் தம்பியின் செல்போன் கடை. மாடியில் நான், சாமி படம், என் ஓயாத வாய். உள்ளே எது மாறினாலும் முகப்பு மாறவில்லை.

இன்று சின்னவன் சொல்லிவிட்டான். "அக்கா, பலகையையும் முன்தூணையும் எடுத்துட்டு ஷட்டர் போடப்போறேன். இப்ப பாக்குறவன் சவப்பெட்டிக் கடைன்னு நினைக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவன் சிரிக்கவில்லை. "தூண்ல கை வெச்சே, கை இருக்காது" என்றான்.

மார்ச் 6, வெள்ளி

கொத்தனார் வந்து தூணில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அவர் தலை மறைந்ததும் பெரியவன் சுத்தியலால் சின்னவனின் கண்ணாடி அலமாரியை நொறுக்கினான். சின்னவன் அவன் வாயிலேயே குத்தினான். ஒரு பல் படியில் கிடந்தது. கண்ணாடித் தூளோடு சேர்த்து நான்தான் பெருக்கினேன். ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானா இவை?

மார்ச் 9, திங்கள்

சாமி, ரெண்டு பேருக்கும் புத்தி குடு. முடியலன்னா ஒருத்தனுக்காவது குடு.

மார்ச் 10, செவ்வாய்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

பெரியவன் பதினாலாம் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினான். பதிமூன்றைத் தொடுவதற்குள் சின்னவன் சம்மட்டியோடு வந்து தூணை அடித்தான். மாடியில் என் தரையே ஆடியது. இறங்கி ஓடினேன். அதற்குள் பெரியவன் அவனைத் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கடப்பாரையைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். சின்னவன் மூஞ்சி நீலமா போச்சு. காலு உதறுது.

"விடுடா! செத்துருவான்டா!"

காதுலயே விழல. பலகையத் தூக்குனேன். தண்ணிக் குடம் தூக்கினாலே இடுப்பு பிடிக்கும் எனக்கு — எப்படித் தூக்குனேன்? அவன் தலையிலயே போட்டேன். சரிஞ்சான். இடது கண்ணுலேர்ந்து ரத்தம். நான் தலை துவட்டி விட்ட பிள்ளை, சாமி.

மார்ச் 11, புதன்

பெரியவனைச் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஏட்டு வந்தார். கழுத்து நசுங்கியதில் சின்னவனுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. "பலகை விழுந்துச்சு சார்" என்றான்.

"எந்தப் பலகை?"

"ஏழு."

"ஏழா? பதிமூணு உள்ள நிக்குதேப்பா, ஏழு எப்படி வெளிய வந்துச்சு? எங்கப்பாவும் இந்தத் தெருவுலதான் கடை வெச்சிருந்தாரு. ஏறுடா வண்டியில!"

என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். ஒரு நாளாவது பலகை கழற்றிக் கடை திறந்திருந்தால் அதை ஒழுங்காகச் சொல்லியிருப்பான், சோம்பேறி!

மார்ச் 12, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். "அடிச்சது நான்தாங்க. அவனை விட்டுடுங்க." ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெரியவனுக்கு இடது கண் போய்விட்டதாம்.

"உங்க அக்கா அடிச்சேன்னு சொல்றாங்களே?"

"பதினாலாம் பலகை சார். நான் சரியா சாத்தல, சரிஞ்சு விழுந்துச்சு. அக்காவுக்கு வாய் ஜாஸ்தி, எதுக்கெடுத்தாலும் நான்தான்னு சொல்லும்."

என் பக்கம் திரும்பவே இல்லை. சாயந்திரமே சின்னவனை விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தூண் போய்விட்டது, ஷட்டர் வந்துவிட்டது. "என்னமோ பண்ணிக்க" என்று பெரியவன் சம்மதித்துவிட்டான். முகப்பை இடித்ததில் என் மாடிச் சுவரும் விழுந்து, அறை தெருவைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறது. மரக்கடைக்காரர் பலகைகளை வண்டியில் ஏற்றினார். எண்ணிப் பார்த்தேன். பதிமூன்று.

மத்தியானம் பெரியவன் பதினாலாம் பலகையைத் தோளில் சுமந்து படியேறி வந்தான். பேசவில்லை. நானும் — நானும்தான்! — பேசவில்லை. நான் தவறி விழுந்துவிடாமல் இருக்க, திறப்புக்குக் குறுக்கே வைத்து ஆணி அடித்தான். ஒற்றைக் கண்ணுக்குக் குறி தப்பி, மூன்று தடவை விரலில் அடித்துக்கொண்டான். பிறகு இறங்கிப் போனான்.

ரத்தக்கறை உள்பக்கம் இருக்கிறது. நான் சாமி கும்பிட உட்காரும் இடத்துக்கு நேராக.