சவரிராஜின் சட்டைப் பை

சேசு மரி சூசை

சிங்கப்பூர்
20-8-1959

அன்பு மகன் எட்மண்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான், அம்மா, தங்கை பிரிஜட் மூவரும் சுகம், சென்னையில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டுமென்று ராத்திரி ஜெபமாலை முடிவில் உன் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பிரிஜட்டுக்குக் குவீன்ஸ்டவுன் பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, பஸ்ஸில் போய்வரும் அலைச்சல்தான். எப்போதும் எழுதும் ஏர்மெயில் தாளை விட்டுவிட்டு இதை உறையில் போட்டு அனுப்புகிறேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களை வைத்து நீ எழுதிய சிரிப்புக் கட்டுரைப் புத்தகத்தைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று கேட்டிருந்தாய். ஊர் சிரிக்கிறது. சிராங்கூன் ரோட்டுக் கடையில் வைத்த பிரதிகள் தீர்ந்துபோய் இரவல் வாங்கிப் படிக்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் அம்மாவைப் பார்த்து, நீங்கதானே செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு வாங்காமப் போற அம்மா, புக்குல வந்துட்டீங்க லா என்றாராம். வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டித் தீர்த்தவள், மறுநாள் மார்க்கெட்டுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். நான் பஸ்ஸில் தூங்கிக் கடைசி ஸ்டாப் வரை போன கதையைப் படித்துவிட்டு கண்டக்டர் பையன் என்னைத் தட்டி எழுப்பி விடுகிறான். நான் தூங்கியது உண்மை, சிரித்துவிட்டுப் போகட்டும். மகன் எழுதிய புத்தகம் என்று அக்குளில் வைத்துக்கொண்டேதான் திரிந்தேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

மாதா திருநாளுக்கு முந்தின வாரம் முடிவெட்டிக்கொள்ளச் சுந்தரம் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். மகன் புக்குலேர்ந்து ஒண்ணு வாசிங்கண்ணே, சிரிக்கிற மாதிரி வாசிங்க என்று சுந்தரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான். நானும் எழுந்து நின்று ‘வடைப்பை மாமா’வை வாசித்தேன். விருந்து வீட்டில் ஒருவர் வடையைப் பாதி தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதையும், எண்ணெய் ஊறி நெஞ்சில் தேசப்படம் போலப் பரவுவதையும், அவர் அடிக்கடி பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வதையும் நீ எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததோடு விடாமல் நடித்தும் காட்டினேன். என் பையை நானே தட்டினேன். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சவர நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத் துணியும் முகம் நிறையச் சோப்பு நுரையுமாக ஒருவர் சாய்ந்திருந்தார், அவர் மட்டும் அசையவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது எப்படிச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சுந்தரம் நுரையைத் துடைத்தான். ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் சவரிராஜ்.

பேரை நீ எழுதாவிட்டால் என்ன, அந்தக் கடையில் யாரைப் பற்றியது என்று தெரியாதவர் யார்? அவன் எழுந்து துணியை உதறிக் கொடுத்துவிட்டு, நல்லா வாசிக்கிற அருளப்பா, பிள்ளையும் நல்லா எழுதியிருக்கான் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் முடிவெட்டிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், அம்மாவிடமும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் சவரியும் ஒருவன். அங்கே கிடைத்த சோற்றை ஒரே வேளையில் தின்று தீர்த்தவன் மறுநாள் மண்வெட்டி தூக்க முடியாமல் விழுந்தான், ஒரு பிடியை இடுப்புத் துணியில் முடிந்து வைத்தவன் எழுந்தான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று திரும்பி வந்த புதிதில் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். பிள்ளைகளுக்குச் சொல்லாதே, பாவம் பார்ப்பார்கள் என்றான். நான் சொல்லவில்லை. நீயும் பிரிஜட்டும் அவன் பையைப் பார்த்துச் சிரித்தபோது, ஏன் என்று கேட்டுவிடப் போகிறீர்களே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். போகப்போக எனக்கே அது வேடிக்கையாகிவிட்டது. நீ தெரியாமல் எழுதினாய். நான் தெரிந்தே நடித்தேன். வெட்கமாக இருக்கிறது மகனே, கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

திருநாளன்று பூசை முடிந்து கோயில் வளாகத்தில் விருந்து. சவரி வந்து எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தான். வடை வைத்ததும் இளவட்டங்கள் எல்லாம் அவன் நெஞ்சையே பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பை இல்லை. வெளுத்த நீலச் சட்டையில் பை இருந்த இடம் மட்டும் கெட்டி நீலமாகத் தெரிந்தது. வடையைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய், தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து துணித்துண்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். திருநாளுக்கு முன்னால் நான் இல்லாத நேரத்தில் சவரி வந்து, பை நைஞ்சு போச்சு தங்கச்சி, எடுத்துடும்மா என்று சட்டையைக் கொடுத்தானாம். நைந்து போகவில்லையே என்று பார்த்துக்கொண்டே பிரித்தேன் என்று சொல்லி அழுதாள்.

அந்தப் பையைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அம்மா சோப்புப் போட்டுத் துவைத்தாள், எண்ணெய்க் கறை போகவில்லை. இரண்டாம் பதிப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய், அந்தக் கட்டுரையை எடுப்பதும் வைப்பதும் உன் பொறுப்பு, நான் சொல்லும் யோக்கியதையில் இல்லை. சயாம் சங்கதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் எழுதிவிடாதே. சவரி வீட்டு வாசல் வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறேன், கதவைத் தட்டக் கை வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதாவின் ஆசீரும் எங்கள் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பையை மறக்காமல் கொண்டு வா. அவன் சட்டையை வாங்கி அம்மா தைத்துக் கொடுப்பாள், கேட்டு வாங்க நீயும் நானும் சேர்ந்து போவோம்.

உன் தகப்பன்
ஞா. அருளப்பன்