ரபீக் எழுதிய எடைக்கணக்கு

செவ்வாய் இரவு, கோத்தகிரி.

தேயிலை எடை போடும் புரோகிராம் இன்று மத்தியானமும் திணறி நின்றுவிட்டது. கட்டபெட்டு ஃபேக்டரி வாசலில் இலை மூட்டைகளோடு வந்தவர்கள் வரிசையில் நனைந்திருக்கிறார்கள். மேனேஜர் போனில் கத்தினார். "அந்தப் பழைய சி லைப்ரரியத் தூக்கிப் போடுங்க மேடம்!"

எனக்குச் சுரீரென்றது. சி மொழியில் அந்த எடைக்கணக்கை எழுதியது ரபீக். அதே ஃபேக்டரியில், இலை வாடும் வாசனைக்குள், நாங்கள் ஒரே மேசையில் வேலை பார்த்த காலத்தில். இப்போது அதைப் பைத்தான் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியிலிருந்து கூப்பிட, மேலே உறை மாதிரி ஒரு புரோகிராம் எழுதியவள் நான். தப்பு யாருடையது?

ரபீக் இப்போது இருக்கும் துபாய்க்குப் போன் போட்டேன். இத்தனை வருடம் கழித்தும் ரபீக் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏனுங்க, ஒவ்வொரு மூட்டைக்கும் என் லைப்ரரி மெமரியில இடம் எடுத்துக் குடுக்குமே, அதைத் திருப்பி விட்டீங்களா?"

விடவில்லை. மூட்டை மூட்டையாக மெமரி நிறைந்துதான் மத்தியானம் திணறியிருக்கிறது. பைத்தானில் அதுவே பின்னால் வந்து கூட்டிப் பெருக்கிவிடும். அந்தச் சொகுசில் மறந்துபோனேன். ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் புரோகிராம் நிற்கவே இல்லை.

அதைச் சொல்லச் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன்.

"சந்தோசமுங்க. அதென்ன சத்தம், தகரத்துல மழையா?"

"ஆமாங்க."

"ஒண்ணும் பேசாதீங்க. கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்."

போனை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை விட்ட பிறகும் இருவரும் கட் செய்யவில்லை.