வலப்பக்கம் பார்க்கும் நண்டு

பிரிக்பீல்ட்ஸ்,
3 மார்ச் 2024

அன்புள்ள வெரோ,

உன் கன்னியர் மடத்தில் கைப்பேசி கூடாது என்று உன் அம்மா சொன்னதும், இனி இவளோடு பேச்சே கிடையாது என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த முறுக்கு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. இதோ, கோழிக் கிறுக்கலில் முதல் கடிதம். இங்கிருந்து நீ இருக்கும் செராஸுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். அதற்கும் ஸ்டாம்ப் ஒட்ட வைத்துவிட்டாய்.

சேலைக் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம், கதைகளுக்குப் படம் வரையும் படிப்பு. ஜப்பான்காரர்கள் மாதிரி வரைந்து பார்த்தேன், நீர்வண்ணத்தில் பார்த்தேன், கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். திருச்செல்வம் சார் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இது யாரு கை? உன் கை எங்க?" என்கிறார். ஜூலையில் கொடுக்கும் படைப்பில் என் கை தெரியாவிட்டால் அடுத்த வருடம் விளம்பர டிசைன் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்களாம். சோப்பு டப்பாவுக்குப் படம் போடவா நான் இங்கே வந்தேன்?

நம் புத்தகத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். போர்ட் கிள்ளானில் புலாவ் கெத்தாம் படகைத் தவறவிட்ட நண்டு! பெயரே மலாயில் நண்டுத் தீவு, அதற்கு நண்டே போக முடியவில்லை என்று வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே. கதை உன்னுடையது, படம் என்னுடையது என்றுதானே பேச்சு? நீ பாதிக் கதையில் நண்டைப் படகுத்துறையில் உட்கார வைத்துவிட்டுச் சாமியிடம் போய்விட்டாய். மீதியை எழுதி அனுப்பு. இல்லையென்றால் நீயே வந்துவிடு. ஆகஸ்டில் துறவியாக வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாமாமே.

உன்
மாது


செராஸ்,
20 மார்ச் 2024

என் மாதுவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். (இங்கே எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறோம். சிரிக்காதே.)

உன் கடிதத்தைப் பூண்டு உரித்துக்கொண்டே படித்தேன், அதனால் உன் சோப்பு டப்பா முழுக்கப் பூண்டு வாசனை. வீட்டில் ஒரு தம்ளர் கழுவாத நான் இங்கே அண்டா தேய்க்கிறேன். அம்மா பார்த்தால் புதுமை என்பார்.

கிள்ளான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரே கிண்ணம் ஐஸ் செண்டோலில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடுவோமே, அதை நினைத்துக்கொள்கிறேன். கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் நீ என் மூக்கையே வரைந்து வைப்பாய். சீதாலெட்சுமி டீச்சர் அதைப் பிடுங்கி, "இது யாரு மூக்கு?" என்று கேட்டதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஜெப நேரத்தில் வந்து மானத்தை வாங்குகிறது.

நண்டின் மீதிக் கதையை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன், அதனால்தானோ என்னவோ. நீயே அதைப் படகில் ஏற்றிவிடேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு பார்வையாளர் நாள். கட்டாயம் வா.

அன்புடன்,
வெரோனிகா


பிரிக்பீல்ட்ஸ்,
28 ஏப்ரல் 2024

வெரோ,

"நீயே ஏற்றிவிடேன்"தானே? அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன், ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது?

சார் என் படங்களை எல்லாம் தரையில் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஏம்மா ஒரே பக்கம் பாக்குறாங்க?" என்றார். குனிந்து பார்த்தேன். ரொட்டி சானாய் கடை அங்கிள், லோரி டிரைவர், பூக்கடை ஆன்டி, அத்தனை பேரும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனேஷ் என்று ஒருவன் இருக்கிறான், அவன், "நண்டுகூட அந்தப் பக்கம்தான் பாக்குது லா! எல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க போல" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஐந்து வருடம் நீ என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். கரும்பலகையைப் பார்க்கும் உன் வலது கன்னம், அந்த மூக்கு, அந்தக் காது. அதைப் பார்த்துத்தான் நான் முகம் வரையக் கற்றேன். உன்னை நேராக ஒருநாளும் வரைந்ததில்லை.

"பழக்கதோஷம், திருத்து" என்கிறார் சார். முகங்களைத் திருப்பிப் பார்த்தேன். அடையாள அட்டைப் படம் மாதிரி உயிரில்லாமல் முறைக்கின்றன. உன்னை ஒருமுறை நேரே வரைந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நீ சொன்ன மே கடைசி ஞாயிறு வருகிறேன்.

மாது


பிரிக்பீல்ட்ஸ்,
27 மே 2024

வெரோ, வெரோ, வெரோ!

நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை.

பார்வையாளர் அறையில் அந்தப் பெரிய மேசைக்கு எதிர்ப்பக்கம் நீ உட்கார்ந்ததும் எனக்குக் கையே ஓடவில்லை. நேருக்கு நேர் பார்த்தால் நீ யாரோ மாதிரி இருந்தாய். வரைந்ததை நான் கிழித்தபோது உன் முகம் வாடியது, பார்த்தேன். அது போகட்டும். வாசல்வரை சேர்ந்து நடந்தோமே, அப்போது உன் முகத்தைப் பார்க்காமலே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "வெளிய வந்துரு வெரோ. நம்ம புக்க ஒண்ணா முடிப்போம். வரியா?" நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய்!

அறைக்கார அக்காவிடம் இன்னொரு ஆள் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு மெத்தைகூட வாங்கியாகிவிட்டது. நீ பக்கத்தில் இருந்தால் என் கை தானாக வரும், சோப்பு டப்பா பயமெல்லாம் போய்விட்டது. எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன்
மாது


செராஸ்,
5 ஜூன் 2024

என் மாதுவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம்.

நான் வரவில்லை மாது. ஆகஸ்டில் வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் உனக்கு இன்னும் வலிக்கும்.

நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே என் இடது காது கேட்காது. ஆரம்பப் பள்ளியில் என்னை 'டமாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இடைநிலைப் பள்ளியிலும் அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்று காது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே ஓடிவந்து உன் இடப்பக்கம் உட்கார்ந்தேன், நல்ல காது உன் பக்கம் இருக்கட்டும் என்று. சாலையில் நடக்கும்போதும் அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு நடக்கும்போது நீ என் இடது காதுப் பக்கம் வந்துவிட்டாய். என்னவோ சொல்கிறாய் என்று மட்டும் தெரிந்தது.

கேட்காதபோது சிரித்துத் தலையாட்டுவது என் வழக்கம். எல்லாரிடமும் செய்வேன். உன்னிடம் மட்டும் அதற்குத் தேவையே வந்ததில்லை. அதனால்தான் உனக்கு அந்தத் தலையாட்டல் அடையாளம் தெரியவில்லை. உன் மெத்தையை நினைத்தால் ஜெபம்கூட ஓடமாட்டேன் என்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் படத்து மனிதர்கள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. உனக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் திருப்பிவிடாதே.

என்றும் உன்
வெரோ


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஜூலை 2024

அன்புள்ள வெரோ,

மெத்தையைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு மெத்தையிலும் மாறி மாறிப் படுத்து அழுதேன். உன்மேல் கோபம், உன் சாமிமேல் கோபம், அந்த 'டமார'ப் பிள்ளைகள்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். ஐந்து வருடம் பக்கத்தில் இருந்தும் கண்டுபிடிக்காத என்மேலும்தான்.

படங்களைக் கொடுத்துவிட்டேன். யாரையும் திருப்பவில்லை. முகங்களைச் சின்னதாக்கி, காதுகளை மட்டும் நிதானமாக வரைந்தேன். "நண்டுக்கு ஏதுடி காது?" என்றான் தனேஷ். என் நண்டுக்கு உண்டு என்றேன்.

சார் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "திருத்தலையா?"

"இல்ல சார்."

"ம். இத வேற யாரும் போட்டிருக்க முடியாது" என்றார். அடுத்த வருடமும் இதே வகுப்புதான். கதையின் முடிவை நானே எழுதிக்கொண்டேன். நண்டு தனியாகத்தான் படகேறியது.

ஆகஸ்டில் வருகிறேன். வார்த்தைப்பாட்டு விருந்தில் உனக்கு வலப்பக்கம் எனக்கு ஓர் இடம் போட்டு வை. கிள்ளான் கதை எல்லாம் பேசுவோம். அன்றைக்கு வாசலில் கேட்டதை மட்டும், உன் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தாலும், இனிமேல் கேட்க மாட்டேன்.

உன்
மாது