ஐ டவுட், சார்

அன்புள்ளவளுக்கு,

உன் முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

நீ சுத்தம் செய்த அறையில் மோதிரம் காணோம் என்றதும், ஹோட்டல் மேனேஜர் என்னையும் கூப்பிட்டார். "உன் மனைவி எடுத்திருப்பாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அங்கேயே நான் பார்க்கும் எலக்ட்ரீஷியன் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில், "ஐ டவுட், சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உன்னைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார். மறுநாள் மோதிரம் விருந்தாளியின் பெட்டியிலேயே கிடைத்தது.

"எல்லாரும் திருடின்னப்போ நீங்க ஒருத்தர்தான் என்னை விட்டுக்குடுக்கலைன்னு மேனேஜர் சொன்னாருங்க" என்று அழுதாய். எனக்கு விளங்கவில்லை. ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டேன்.

"டவுட்னா, எடுத்திருக்க மாட்டாங்கன்னு அர்த்தம்ணே. எடுத்திருப்பாங்கன்னு தோணினா சஸ்பெக்ட்னு சொல்லணும். நாமதான் ரெண்டையும் சந்தேகம்னுடறோம்."

நான் சொல்ல வந்தது இரண்டாவது.

உன்னைக் காப்பாற்றியது என் அரைகுறை இங்கிலீஷ்தான், நான் இல்லை. நேற்று உன் அம்மாவிடம் போனில் "தங்கமான மனுஷன்" என்றாய். பக்கத்து அறையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. இருந்தாலும் சாயங்காலம் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்பேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

உன் கணவன் என்று எழுதக் கை கூசும்,
நான்