மேல்சிகிச்சைச் சீட்டு

ஜனவரி 9

என் ஒட்டடைக்குச்சிக்கு,

நலமா? போன கடிதத்துக்கே நீ பதில் போடவில்லை. பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு விட நேரமிருக்காது என்று தெரியும். இருந்தாலும் கோபம் கோபம்தான்.

இன்று உன் அப்பாவுக்காக எழுதுகிறேன். மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறார். எங்கள் சின்ன சுகாதார நிலையத்தின் எடை மெஷினைக் குறை சொல்லாதே, மூன்று தடவை ஏற்றி இறக்கிவிட்டேன். சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது. "மூணு வேளையும் சாப்பிடறீங்களாப்பா?" என்றால், "சாப்பிடாம இருப்பேனாம்மா?" என்கிறார். துருவித் துருவிக் கேட்டால்தான் வண்டவாளம் வெளியே வருகிறது: காலையில் டீ, பிஸ்கட். மதியம் ரொட்டி. ராத்திரி மறுபடி டீ, பிஸ்கட்.

சுவரில் தட்டுப் படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு சோறு, மீதிக் கால் பருப்போ முட்டையோ. அதைக் காட்டி விளக்கினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அல்லவா, ஊர்ப் பலகையைப் படிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு போடலையே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உன் அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

உன்
குண்டூசி


ஜனவரி 20

அடி குண்டூசி,

உன் கோபத்தைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன், நேரில் வந்து வாங்கிக்கொள். இங்கே இரண்டு செவிலியர் விடுப்பில் போய்விட்டார்கள், அவர்களுடைய படுக்கைகளும் என் தலையில். என் சாப்பாடு, மருந்து அலமாரி பக்கத்தில் நின்றபடி ஒரு வாழைப்பழம். யாருக்கு எத்தனை கிராம் புரதம் என்று நோயாளிகளுக்கு எழுதிக்கொண்டே அதை விழுங்குகிறேன்.

அப்பாவிடம் போனில் பேசினேன். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறார். புரத மாவு இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். தினம் இரண்டு கரண்டி, பாலில் கலந்து. நீ சொன்னால் கேட்பார். நீ பக்கத்தில் இருக்கும் தைரியத்தில்தானே நான் இங்கே இருக்கிறேன்?

வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

ஒட்டடை


பிப்ரவரி 27

ஒட்டடை,

நேற்று போனில் எனக்கு அழுகைதான் வந்தது, எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அப்பாவை நகரத்து மருத்துவமனையிலிருந்து உன் மருத்துவமனைக்கே அனுப்பிவிட்டார்களாம். என்ன நடந்தது என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதத்திலிருந்து அவர் தினமும் பி.பி. பார்க்க வந்தார். "சரியா இருக்குப்பா" என்றால் முகம் வாடிவிடும். "நாளைக்கும் ஒருதரம் பாத்துடலாம்" என்றால் முகம் மலர்ந்து போவார். விஷயம் புரிந்ததும் நான் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டி எடுத்துப் போனேன். பகல் ஒரு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்காருவோம். கீரையைக்கூட ஒதுக்கமாட்டார். ஒன்றரைக் கிலோ ஏறினார். உன் டப்பாக்கள் மூடி திறக்காமல் அப்படியே நிற்கின்றன. எனக்கும், சொல்லப்போனால், எப்போது ஒரு மணி ஆகும் என்று இருக்கும்.

அப்புறம் வலது பாதத்தில் புண். செருப்பு கடித்தது என்றார். கட்டுப் போட்டேன், ஆறவில்லை. நகரத்து மருத்துவமனைக்கு மேல்சிகிச்சைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், போகவில்லை. "அங்க நான் டோக்கன் நம்பர். இங்கதாம்மா டிரைவரய்யா" என்றார். "பொண்ணுகிட்ட சொல்லிடாத, பதறுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நாள் சொல்லாமல் இருந்தேன். நேற்று கால்விரல் கறுத்துவிட்டது, அப்போதுதான் வண்டி வைத்து நகரத்துக்கு அனுப்பினேன்.

தப்பு என்னுடையதுதான். அவர் எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுது.

குண்டூசி


மார்ச் 8

உன் கடிதம் கிடைத்தது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வருஷமே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அன்றைக்கே மேலே அனுப்ப வேண்டியவரை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறாய். அப்பாவுக்குத் துணை வேண்டும் என்றால் அதற்கு மகள் இருக்கிறேன். நீ செவிலி வேலையைப் பார்த்திருந்தால் போதும்.

சுகாதார அலுவலருக்குப் புகார் எழுதிவிட்டேன். அப்பா இனிமேல் என்னோடு இருப்பார். எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 17

குண்டூசி,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எல்லாம் சரியான அளவில் இருக்கிறது. சர்க்கரை, பி.பி., எடை, எல்லாம். சாப்பாட்டை அளந்து, டப்பாவில் மூடி, எந்த வேளைக்கு எது என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் போகிறேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு. டாக்டர் என்னைப் பாராட்டினார்.

நேற்று கொஞ்சம் சீக்கிரம் வந்தேன். வீட்டில் ஆளைக் காணோம். தெருமுனைக் கிளினிக்கில், காத்திருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் கொடுக்கும் பெண் சொன்னாள்: "தினமும் வர்றாருங்க. டோக்கன் வாங்கமாட்டாரு. என்ன பண்ணுதுன்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்னுவாரு."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "போலாம்பா" என்றேன்.

"எங்க?" என்றார்.

குனிந்து அவர் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

என் புகாரின் விசாரணைத் தாளை வாங்கிப் படித்தேன். 'தவறு என்னுடையது' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். ஜனவரியில் என்னை வரச்சொல்லி எழுதியதையோ, நான் வராததையோ நீ சொல்லவே இல்லை. புகாரைத் திரும்பப் பெறக் கேட்டேன். முடிந்துபோனதைத் திறக்க முடியாதாம். என்மேல் இருந்த கோபத்துக்கு உன் பெயரைப் போட்டுவிட்டேன், குண்டூசி.

அப்பா ஊருக்கு, தன் வீட்டுக்கே போக வேண்டும் என்கிறார். கூட்டி வரட்டுமா? நாம் இரண்டு பேரும் பழையபடி ஆக முடியுமா?

ஒட்டடை


செப்டம்பர் 2

மதிப்புக்குரிய அம்மையீர்,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்கள் தந்தையாரை எப்போது வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள். மருத்துவமனையின் சுருக்க அறிக்கை, மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கொண்டு வரவும். பாதங்களைத் தினமும் பார்ப்பேன். சிறு கீறல் தென்பட்டாலும் அன்றே மேலே அனுப்பி, உடனே உங்களுக்கும் தகவல் சொல்வேன்.

அவருடைய வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து, பெருக்கித் துடைத்து வைக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கடைசியாகக் கேட்டிருந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

காலைப் பேருந்தில் வந்தால் பதினொன்றரைக்கு இறங்கலாம். நீங்கள் திரும்பிப் போக நாலரைக்கு ஒரு பேருந்து இருக்கிறது.

இப்படிக்கு,
செவிலியர்,
ஆரம்ப சுகாதார நிலையம்