மூன்று நாள் நனையாத கல்

அன்புள்ள ஜஹீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாமியும் சுகம்தானே? வயிற்றுப் பிள்ளை இன்னும் உதைக்கிறதா? நான் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாவலூரில் நாங்கள் கட்டும் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சூளைச் செங்கல் கிடையாது என்றேனே. புகையே இல்லாமல், மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய கல்தான். அதை ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் நனைத்தால்தான் இறுகும்; அது என் பொறுப்பு. போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன், இப்போது ஒன்றுமில்லை. அந்த நாட்களில் யாரும் நனைக்கவில்லை. சுவர் நெஞ்சுயரம் வந்த பிறகு, அந்தக் கல்லில் மீந்த ஒன்றைச் சந்தேகத்தில் வாளித் தண்ணீரில் போட்டேன். மறுநாள் ஓரமெல்லாம் கரைந்திருந்தது.

இன்ஜினியர் கிருபா மேடத்திடம் சொன்னேன். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். அன்றே சுவரை இடித்தார்கள். கூட வேலை செய்யும் காலேப், "இன்னா பாய், கம்முனு இருந்திருக்கலாமே" என்றான். மழையில் யார் தலையிலாவது விழுமே என்றேன். இடிப்பதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

புதுச் சுவர் எழும்பும்வரை லீவு இல்லை. பிரசவத்துக்கு வர முடியாது.

என் பழைய போர்வையைக் கொரியரில் அனுப்பு. பிள்ளை பிறந்ததும் எனக்குப் பதிலாகக் காதில் பாங்கு சொல்ல ஷாகுல் மச்சானை வரச் சொல். அவர் குரல் பெரிது, மெதுவாகச் சொல்லட்டும், பிள்ளை பயந்துவிடும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது.

முனீர்