கேமராவுக்குத் தெரிந்த முகங்கள்

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கேமரா வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும், உள்ளே எதையோ வைக்க மறந்துவிட்டார்களோ என்றுதான் தோன்றியது. அவ்வளவு லேசு. மூடியைக் கழற்றினால் கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. சென்சார் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன், ஒரு கேமராவின் வயிற்றை இப்படித் திறந்தமேனிக்குப் பார்த்ததில்லை. தூசி விழுமே என்று பதறி மூடினேன்.

பழையதில் அமுக்கினால் 'டபக்' என்று கண்ணாடி எழும்பி விழும். கைக்கு ஓர் அதிர்வு வரும், படம் விழுந்துவிட்டது என்று மனசு சொல்லும். இதில் சத்தத்தையே நிறுத்திவிடலாம். சமையலறையில் நின்ற என் வீட்டுக்காரரைப் பன்னிரண்டு படம் எடுத்தேன். அதற்குப் பிறகு கேட்கிறார், "எவ்வளவு நேரம் நிக்கறது, எப்ப எடுக்கப் போற?"

தம்பிக்குத்தான் தலைகால் புரியவில்லை. கூடப் பிறந்தவன், ஸ்டுடியோவில் பாதிக் கூட்டாளி, ஆனால் புதுச் சாமானைக் கண்டால் பத்து வயது. "அக்கா, இதுவே கண்ணைத் தேடிப் பிடிச்சுக்கும். நீ சும்மா காட்டினா போதும்."

அப்போ நான் எதுக்குடா என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பேட்டரியைக் குடிக்கிறது. பச்சைக் குழந்தை மாதிரி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று இதில் முதல் கல்யாணம். ஒன்று சொல்ல வேண்டும். பழைய கேமராவில், அமுக்குகிற அந்த நொடியில் கண்ணுக்கு முன்னால் இருட்டிவிடும். எடுத்த நொடியைத் தவிர முன்னும் பின்னும் எல்லாம் பார்த்திருக்கிறேன். இதில் இருட்டே இல்லை. பெண் நிமிர்ந்து பார்த்ததும், மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கதவைப் பார்த்ததும், எல்லாம் ஒரு குட்டி டி.வி.யில் ஓடுகிற மாதிரி தெரிந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இன்று படங்களைப் பிரிக்க உட்கார்ந்தபோது தம்பி வழக்கம்போலக் கேட்டான். "எத்தனைக்கா?"

"மூணு வருஷம். கதவைப் பாத்தான் பாரு, அதுக்கே மூணுதான்."

எங்கள் இருவருக்குள் இது பழைய விளையாட்டு. படத்தைப் பார்த்து ஜோடி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்வது. நாலு தடவை பலித்திருக்கிறது. பலிக்காததை யார் எண்ணினார்கள். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கருநாக்கு. வாயைக் கழுவு" என்றார்.

மகளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அவளுக்கு வீட்டில் பெயரே வாலு. வெளியூரில் வேலை, விடுதியில் வாசம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மொட்டைமாடியில் இரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். "இவன் உன்னைப் பாக்கல, லென்ஸைத்தான் பாக்கறான். ரெண்டு வருஷம்" என்றேன். சிரித்தாள். நாலு மாதத்தில் முறிந்துவிட்டது. நான் சொன்னது சரியாகத்தானே போயிற்று.

மார்ச் 12, வியாழன்

முதுகுப் பிடிப்பு. பல் தேய்க்கக் குனிந்தவள் நிமிரவில்லை. நாளெல்லாம் படுக்கை.

தம்பி காலையிலேயே வந்து, சும்மா பழகிப் பார்க்கிறேன் என்று புதுக் கேமராவை எடுத்துப் போனான். இவருக்கு ஆபீஸில் ஆடிட்டாம், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் நானும் மின்விசிறியும். வலித் தைலம் எங்கே என்று இவருக்குச் செய்தி அனுப்பினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பதில்: அலமாரி, மேல் தட்டு. மேல் தட்டுக்கு என் கை எட்டினால் தைலம் எதற்கு?

மார்ச் 14, சனி

கேமரா வந்தது. கார்டு சுத்தமாகத் துடைத்திருந்தது, பேட்டரி நிறைந்திருந்தது. தம்பி என்றைக்குமே இவ்வளவு ஒழுங்கானவன் இல்லை. ஆனால் படத்தின் வரிசை எண் எழுநூற்று நாற்பது தள்ளிப் போயிருக்கிறது.

"என்னடா எடுத்த?"

"மரம், பஸ்ஸு, தெரு நாய்..."

எழுநூற்று நாற்பது! நாய் ஆல்பம் கேட்டிருக்கும் போல.

மார்ச் 17, செவ்வாய்

என் சிவப்புக்கல் தோட்டைக் காணோம். இவரைக் கேட்டால், திருகு தேய்ந்திருந்தது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். நான் என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறேன் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன், தோட்டுத் திருகைப் பார்த்திருக்கிறார். பரவாயில்லை, வயதாக ஆகப் பாசம் வருகிறது.

மார்ச் 22, ஞாயிறு

வாலு வந்திருந்தாள்! கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது. காது மட்டும் மூளி.

கேமராவை அவளிடம் காட்டினேன். இதைக் கேள், டைரி: இவர் முன்னால், வாலு பின்னால் சோபாவில். கண்ணைப் பிடித்ததும் திரையில் தெரிகிற பச்சைக் கட்டம் இவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போய் அவள் கண்ணில் உட்கார்ந்தது. இடம் மாற்றி உட்கார வைத்தேன், அப்போதும் அவள்தான். பக்கத்து வீட்டம்மாவை நடுவில் கொண்டு வந்து நிறுத்தினேன், அப்போதும் அவள்தான். "பாருங்க, இந்தக் கேமராவுக்கே என் பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு" என்றேன். இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

சாயங்காலம், தன்னோடு வேலை பார்க்கிறவர் என்று வாலு சொன்ன ஒருவர் அவளை அழைத்துப் போக வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் கேட்டுக்கு வெளியே காரோடு நின்றார். வாலு பையைத் தூக்கக் குனிந்த நேரத்தில் ஒரு படம் எடுத்தேன். மூன்றடி தூரத்தில் இவர் நிற்கிறார், கட்டம் இவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் அந்த ஆளின் கண்ணைப் பிடித்துக்கொண்டது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அங்கேதான்.

வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கோளாறு. பெண்ணை விட்டுக் கார்க்காரனைப் பிடிக்கிற கேமராவை வைத்துக்கொண்டு நான் என்ன கல்யாணம் எடுப்பது?

மார்ச் 24, செவ்வாய்

சர்வீஸ்காரரிடம் கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மெனுவுக்குள் போனார். நான் நுழையாத ஏதோ ஒரு சந்தில் நின்று சிரித்தார்.

"கோளாறெல்லாம் இல்ல மேடம். நீங்கதானே ரெண்டு முகம் பதிஞ்சு வச்சிருக்கீங்க? அது எங்க தெரிஞ்சாலும் அதைத்தான் மொதல்ல பிடிக்கும். கல்யாணம் எடுக்கறவங்க எல்லாம் இப்படித்தான், மண்டபத்துக்குப் போனதும் பொண்ணு ஒண்ணு, மாப்பிள்ளை ரெண்டுன்னு பதிஞ்சுடுவாங்க."

திரையைத் திருப்பிக் காட்டினார். தபால்தலை அளவில் இரண்டு முகம்.

இரண்டு — கேட்டில் நின்றவர்.

ஒன்று — என் வாலு. காதில் என் சிவப்புக்கல் தோடு.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒப்பனை முடிந்து, கூப்பிட ஆள் வருவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் இருக்குமே, அந்த முகம். நானூறு பெண்களிடம் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித் தர வேண்டாம் எனக்கு.

"மேடம், தண்ணி வேணுமா?" என்றார் சர்வீஸ்காரர்.

எழுநூற்று நாற்பது. மரம், பஸ்ஸு, நாய்.

என் கேமராடா அது. என் கேமராவுல, என் தோட்டைப் போட்டுக்கிட்டு, என் பொண்ணு. நான் இங்க தைலம் தேடிக்கிட்டு...

மார்ச் 25, புதன்

தம்பியிடம் அந்தத் திரையைக் காட்டினேன். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"கார்டைத் துடைச்சேன். படத்தையெல்லாம் தனியா ஏத்திட்டேன். முகத்தை மறந்துட்டேன்க்கா."

மன்னிப்பு இல்லை, முதலில் வந்தது இதுதான். தொழில்காரன் புத்தி. தடயத்தை விட்டுவிட்டோமே என்கிற வருத்தம்.

பன்னிரண்டாம் தேதி, பதிவு அலுவலகம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று வாலு காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாளாம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது அவர்களுக்கு எத்தனை சௌகரியம்! பிடிக்காவிட்டால் என்ன சொல்லி என்னை வீட்டில் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். அதற்கும் ஒன்று தயாராக இருந்திருக்கிறது. சொல்ல வாயெடுத்தான், வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்து இவருடையது. "உன்கிட்ட சொல்லத்தான் நினைச்சேன்."

"எப்ப?"

"நீ தைலம் கேட்டப்ப."

இருபத்தேழு வருடம் ஒரே கூரையின் கீழ். நான் தும்மினால் இவருக்கு எந்த அறையிலிருந்து என்று தெரியும். மூன்று பேரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் பாசம் வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், என் லட்சணம்.

மார்ச் 26, வியாழன்

வாலுவே கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்டி? நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? சாதி கேட்டேனா, சம்பளம் கேட்டேனா?"

"நீ வேணாம்னு சொல்ல மாட்டம்மா. பாப்ப. பாத்துட்டு ஒரு நம்பர் சொல்லுவ. சொல்லாம அடக்கினாலும் உன் மூஞ்சி சொல்லிடும். அதை வச்சுக்கிட்டு நான் அவரோட வாழணும்."

"அன்னிக்கு அந்தப் பையன் விஷயத்துல நான் சொன்னதுதானே நடந்துச்சு?"

"நடக்கலம்மா. நான்தான் நடத்தினேன். நீ சொன்னதுக்கப்புறம் தினம் அவன் கண்ணையே பாத்துட்டிருந்தேன், என்னைப் பாக்கறானா, வேற எங்கயாவது பாக்கறானான்னு. யாரு தாங்குவா? அவனும் மனுஷன்தானே."

போனை வைத்துவிட்டேன்.

தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். வாயை மூடு என்று சொல்லியிருக்கலாமே. வாயைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றிருக்க மாட்டேனா? நானூறு கல்யாணத்தில் எவள் எவளுக்கோ புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டிருக்கிறேன். பெற்றவளுக்கு ஒரு நாற்காலி கிடையாதா?

மார்ச் 28, சனி

அடுப்புப் பற்ற வைக்கவில்லை. இரண்டாவது நாள். இவர் ரொட்டி வாங்கி வந்து எனக்கும் சேர்த்து வைத்திருக்கிறார். தின்னவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மேசையில் ஒரு பென்டிரைவ். தம்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முக்காலி போட்டு ஏறி, மேல் தட்டில் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதுகு சரியாகிவிட்டது. மேல் தட்டு எட்டுகிறது.

பார்த்தேன். எழுநூற்று நாற்பதையும்.

கடங்காரன், பாதிப் படத்தில் கோணல். பின்னால் ஜன்னல் சட்டம் சரிகிறது, அலமாரி சரிகிறது, பதிவு அலுவலகமே ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும்போல இருக்கிறது. ஆனால் கண் எல்லாம் கூர்மை. கேமரா அதன் வேலையைச் செய்திருக்கிறது. வாலுவுக்கு இடது தோளில் புடவை மடிப்பு ஒன்று பிரிந்து தொங்குகிறது, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அப்படியே. அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

ஒரு படத்தில் இவர் ஜன்னலோரம் நல்ல சட்டையில் நிற்கிறார். கையில் போன். படத்தின் நேரம் பத்து நாற்பத்திரண்டு. என் போனை எடுத்துப் பார்த்தேன். தைலம் எங்கே என்று நான் கேட்டது பத்து நாற்பத்தொன்று. இவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருட்டுமுழி இல்லை. அழுதிருக்கிறார். கோபம் குறையவில்லை, ஆனால் எழுதி வைக்கிறேன்.

பிறகு மாப்பிள்ளையின் கண்களைப் பார்த்தேன். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது, அவள் பேசும்போது, அவள் பேசாமல் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது. இருபத்திரண்டு வருடத் தொழில், கண்ணை மூடச் சொன்னால் மூடுமா? தெரிய வேண்டியது தெரிந்தது.

என்ன தெரிந்தது என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

வாலுவைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டியாம்மா?" குரல் சின்னதாகிவிட்டது. ஐந்து வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பாளே, அப்படி.

"பாத்தேன்."

"...என்ன?"

"உங்க மாமா எல்லாத்தையும் சாய்ச்சு எடுத்து வச்சிருக்கான். நான்தான் உக்காந்து நேராக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"அப்புறம், என் தோடு" என்றேன். "உனக்குத் தர மாட்டேன்னு சொல்லல. நான் குடுத்து நீ வாங்கணும். அதனால மொதல்ல திருப்பிக் குடு."

ஏப்ரல் 11, சனி

இன்று ஒரு கல்யாணம். தம்பியும் நானும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம்: லென்ஸ் கொடு, லைட்டைத் தூக்கு, நகரு. பெண்ணின் முகத்தை நானே பதிந்தேன். மூன்று. மாப்பிள்ளை நான்கு.

எட்டிப் பார்த்துவிட்டு, "மொதல் ரெண்டை அழிச்சுடுக்கா. இன்னிக்கு நமக்கு எதுக்கு அது?" என்றான்.

"இருந்துட்டுப் போகட்டும். அவங்க என்ன, இந்தக் கல்யாணத்துக்கு வரவா போறாங்க?"

சாயங்காலம் படங்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். ஜோடிப் படம் வந்ததும் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினான். 'எத்தனைக்கா' அவன் வாய் வரை வந்து நின்றது. நான் அடுத்த படத்துக்குப் போனேன்.